ஃபேன் நின்ற மத்தியானம்

பழவேற்காடு கடலோரம் ஓலைக் குடிசை வாடகைக்கு எடுத்தபோது, உள்ளே ஏசி இருக்கும் என்று நானாகவே நினைத்துக்கொண்டேன். போனால், உப்புத் தண்ணீரில் சோப்பு நுரைக்கவில்லை. மத்தியானம் ஃபேனும் நின்றது. விடுதிக்காரப் பெண்ணிடம் கத்தினேன்.

"இன்னாக்கா, பகல்ல கரண்ட் இருக்காதுன்னு போன்லயே சொன்னேனே! அப்பால உங்கூட்டுக்காரரு பேசுனாரு. மிஷின் சத்தம் இல்லாம இருந்தா போதும்னாரு."

கிளம்பலாம் என்று சொல்ல அவரைத் தேடினேன். கும்மிடிப்பூண்டி இரும்பு ஆலையில் நைட் ஷிப்ட் பார்ப்பவர். வீட்டில் பகலெல்லாம் காதில் பஞ்சோடு புரண்டுகொண்டே இருப்பார். இங்கே சவுக்கு நிழலில், வெறும் மணலில், வாய் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார்.

என்னென்ன இருக்கும் என்று நான் கணக்குப் போட்டிருந்தேன். என்ன இருக்கக்கூடாது என்பதை மட்டும் அவர் கேட்டிருக்கிறார்.

எழுப்பவில்லை. ஈ மொய்க்காமல் முந்தானையால் விசிறியபடி பக்கத்தில் உட்கார்ந்தேன்.