தனித்தனி உறை

எக்ஸ்ரேக்காரம்மாவுக்கு இரண்டு அண்ணன்கள். அப்பாவின் வீடு யாருக்கு என்று முட்டிக்கொண்டதில் ஏழு வருஷமாக அவர்களுக்குள் பேச்சுவார்த்தை கிடையாது. நடுவில் மாட்டிக்கொண்ட தங்கை கெட்டிக்காரி. புத்தாண்டுக்குப் பெரியவருக்கு ஒரு வாழ்த்து அட்டை, சின்னவருக்கு ஒன்று. இரண்டிலும் கடைசி வரி ஒன்றுதான்: "நான் என்னைக்கும் உன் பக்கம்தாண்ணா." உறையை ஒட்டித் தபாலில் போட்டுவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது? அதைப் பொய் என்று அவள் நினைத்ததே இல்லை. அவளுக்கு இரண்டு பேரும் வேண்டும், அவ்வளவுதான்.

இந்த வருஷம் கடையில் அட்டையே இல்லை. "இப்ப யாரும்மா அதெல்லாம் வாங்குறாங்க? போன்ல அனுப்புங்க" என்றார் கடைக்காரர். வேலை மிச்சம் என்று, காலையில் ஆஸ்பத்திரிக்கு வந்ததும் போனில் அண்ணன்கள் இருவர் பெயரையும் தொட்டாள். அது குழுவுக்கு ஒரு பெயர் கேட்டது. கேட்டதைக் கொடுத்துவிட்டு, வழக்கமான வரியைத் தட்டி அனுப்பினாள்.

"போயிடுச்சான்னு பாரும்மா" என்று நர்ஸிடம் நீட்டினாள்.

"என்னக்கா, குரூப்பா போட்டிருக்கீங்க? இது ரெண்டு பேருக்கும் சேர்ந்தே தெரியுமே!"

அவள் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள். "அழிச்சிரு, அழிச்சிரு!"

"ரெண்டு பேரும் படிச்சாச்சுக்கா."

அதற்குள் வயதான நோயாளி ஒருவரை மார்புப் படத்துக்கு அழைத்து வந்துவிட்டார்கள். "மூச்சை இழுத்துப் பிடிங்க" என்றவள் படம் எடுத்த பிறகும் விடச் சொல்லவில்லை. பாவம், பொறுத்துப் பொறுத்துப் பார்த்து அவரே விட்டார். இரண்டு அண்ணனும் கைவிட்டால் தனக்கென்று யார் இருக்கிறார்கள் என்ற ஒரே நினைப்புதான் அவளுக்கு. வெளியே வந்து போனை எடுத்தாள்.

பெரிய அண்ணன் எழுதியிருந்தார்: "டேய், உனக்கும் இதேதான் எழுதுவாளா?"

"ஏழு வருஷமா."

"எனக்கும்தான்."

"அவ என் பக்கம்னு நம்பித்தாண்ணா நான் இறங்கி வராம இருந்தேன்."

"நானும்தாண்டா."

அவள் சுவரில் சாய்ந்துகொண்டாள். அடுத்த வரி வந்தது.

"சாயங்காலம் வீட்டுக்கு வா."

"வரேண்ணா."

சந்தோஷத்தில் அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. "நானும் வரட்டுமாண்ணா?" என்று தட்டினாள்.

இரண்டு பேரும் படித்தார்கள். ஒருத்தரும் பதில் போடவில்லை.