மண்டோர் கற்ற ஜாவாஸ்கிரிப்ட்

வலைப்பக்கம் செய்யும் தொழிலில் தவறு நடக்கும்போது சத்தமே கேட்காது; சத்தமெல்லாம் பிறகு வாடிக்கையாளர் வாயிலிருந்துதான் வரும். ஐம்பதைத் தாண்டிய பிறகு கணினி முன் உட்காரவைக்கப்பட்டவர்களே, உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. பித்தானை அழுத்திவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கும் அந்த நொடி உங்களுக்கும் தெரியும்.

மேல்மாடி அறை

தொண்ணூறுகளின் கடைசியில், பெடாஸ் பக்கம் நான் மண்டோராக ஆள் மேய்த்துக்கொண்டிருந்த ரப்பர் தோட்டத்தை விற்றுவிட்டார்கள். தோட்டம் கொடுத்திருந்த லயன் வீட்டைக் காலி செய்ய வேண்டும். எனக்குப் படிப்பு ஆறாம் வகுப்புவரைதான். ஆனால் தோட்டத்துக் கோயில் நோட்டீஸ்களை எழுத்தெழுத்தாகப் பார்த்துத் திருத்துவேன். அது சிரம்பானில் அச்சகம் வைத்திருந்த செட்டியாருக்குத் தெரியும். பிழை பார்க்கவும் தமிழ் தட்டவும் என்னைச் சேர்த்துக்கொண்டார்.

அச்சடிப்பதோடு வலைப்பக்கமும் செய்து கொடுக்க வேண்டும் என்பது அப்போது அவருடைய புது ஆசை. அந்த வேலையைப் பார்த்துவந்த ஸ்டெல்லா கோலாலம்பூருக்கு வேலை மாறிப் போகவிருந்தார். அவர் கிளம்புவதற்குள் நான் ஜாவாஸ்கிரிப்ட் என்ற கணினி மொழியின் அடிப்படையைக் கற்றுக்கொண்டு, சித்திரையில் வரும் அம்மன் கோயில் திருவிழாப் பக்கத்தைத் தனியாகச் செய்து காட்ட வேண்டும். காட்டினால் வேலை நிரந்தரம். அச்சகத்தின் மேல்மாடி அறையில் நானும் என் மனைவியும் குடியிருக்கலாம். எங்களுக்கு வேறு போக்கிடம் இல்லை. இது செட்டியாருக்கும் தெரியும். ஆனாலும் வியாபாரி வியாபாரிதான். "மண்டோர், பக்கம் ஒழுங்கா வந்துச்சுன்னா மேல் ரூம் உங்களுக்கு. வரலன்னா மனசுல வெச்சுக்காதீங்க, நான் வேற ஆள் பாத்துக்கிறேன்லா" என்றார்.

நூற்றைம்பதும் ஐம்பதும்

முதல் சோதனை ராசா என்ற ஊரிலிருந்து வந்த சமையல் கான்ட்ராக்டர் ஒருவருக்காக. பக்கத்தில் இரண்டு கட்டங்கள்: பெரியவர்கள் எத்தனை பேர், பிள்ளைகள் எத்தனை பேர். தட்டினால் மொத்தத்தைக் கூட்டிக் காட்ட வேண்டும். ஆங்கிலச் சொற்களுக்குப் பொருள் தெரியாமல், ஆள் முகத்தை ஞாபகம் வைத்துக்கொள்வதுபோல் அவற்றின் முகத்தை ஞாபகம் வைத்துக்கொண்டு எழுதியிருந்தேன். செட்டியார் என் நாற்காலிக்குப் பின்னால் நின்றார். எனக்குப் பின்னால் யாராவது நின்றால் பேச்சும் வராது, விரலும் ஓடாது. நூற்றைம்பது, ஐம்பது என்று எப்படியோ தட்டி, பித்தானை அழுத்தினேன்.

பதினைந்தாயிரத்து ஐம்பது என்று வந்தது. ஸ்டெல்லா குனிந்து, "அங்கிள், பெட்டியில தட்டுறது எல்லாம் அதுக்கு வெறும் எழுத்துதான். ரெண்டையும் பக்கத்துப் பக்கத்துல ஒட்டி வெச்சிருக்கு. இது நம்பர்னு நீங்கதான் சொல்லிக் குடுக்கணும்" என்று காதருகே சொன்னார். கூட்டுவதற்கும் ஒட்டுவதற்கும் ஒரே கூட்டல் குறி என்றால் மனிதன் என்ன செய்வான்? செட்டியார் உள்ளே போய்விட்டார். கான்ட்ராக்டர் மட்டும் திரையை நன்றாகப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "அண்ணே, இது கல்யாணமா, தைப்பூசமா?"

மூடாத பெட்டி

சுவா ஊரில் தையல் கடை வைத்திருந்த ஓர் அம்மா, தன் பக்கத்தைத் திறப்பவர்களுக்கு வணக்கம் சொல்ல வேண்டும் என்று கேட்டார். சின்னப் பெட்டி ஒன்று எழுந்து வணக்கம் சொல்லும்; சரி என்று அழுத்தினால் போய்விடும். நான் மரியாதைக்காக மூன்று முறை சொல்லவைக்கலாம் என்று நினைத்தேன். இத்தனை முறை சொன்ன பிறகு நிறுத்து என்று எழுதியவன், ஒவ்வொரு முறையும் எண்ணிக்கையை ஒன்று கூட்டிக்கொள் என்று எழுதாமல் விட்டுவிட்டேன். இயந்திரத்துக்கு அது எப்போதும் முதல் வணக்கம்தான்.

அந்த அம்மா முன்னால் பெட்டி எழுந்தது. அழுத்தினார், மறைந்தது, உடனே எழுந்தது. மீண்டும் அழுத்தினார். மீண்டும் எழுந்தது. பக்கத்தையும் மூட முடியவில்லை. உள்ளேயிருந்து செட்டியாரின் செருப்புச் சத்தம் நெருங்கி வந்தது. நான் மேசைக்கு அடியில் குனிந்து கணினியின் சுவிட்சையே அணைத்துவிட்டேன். எழுந்தபோது அந்த அம்மா சிரிக்காமல் சொன்னார்: "பரவால்லங்க, எங்க மாமியாரும் இப்படித்தான். வாசல்ல நின்னு பேச ஆரம்பிச்சா கதவ மூட விடமாட்டாங்க."

முதல் நாள் உபயம்

ஸ்டெல்லா போய்விட்டார். திருவிழாப் பக்கம் வந்தது.

பத்து நாள் திருவிழா. ஒவ்வொரு நாள் பூசையையும் ஒரு குடும்பம் ஏற்று நடத்தும், அதுதான் உபயம். முதல் நாள் கொடியேற்றம் ரத்தினம் வீட்டுக்கு உரியது. இரண்டாம் நாள் உபயக்காரர் மாணிக்கம். முதல் நாள் தமக்கு வேண்டும் என்று மாணிக்கம் வீட்டார் வெகுகாலமாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அதனால் இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. பக்கத்தைத் திறந்தால் தேதியைப் பார்த்து, அன்றைய உபயக்காரர் பெயரைப் பெரிய எழுத்தில் காட்ட வேண்டும். பத்துப் பெயரையும் வரிசையாக எழுதினேன். ஒருமுறைக்கு இருமுறை நோட்டீஸோடு ஒப்பிட்டேன். வரிசையில் பிழையே இல்லை.

கொடியேற்றத்தன்று காலையில் ரத்தினம் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். கோலாலம்பூரில் ஆபீஸ் வேலை பார்க்கும் அவர் மகள் பக்கத்தைத் திறந்துவிட்டு வீட்டுக்குப் போன் போட்டிருக்கிறாள். "இன்றைய உபயம்: மாணிக்கம் குடும்பத்தினர்" என்று இருந்ததாம்.

"எவ்ளோ வாங்கினீங்க மண்டோர், அவன்கிட்ட?" என்றார். கொடித்துணி அவர் வீட்டில் இருந்தது. பெயர் மாறும்வரை அது கோயிலுக்கு வராது என்றார். சாயங்காலம் கொடி ஏற வேண்டும். செட்டியார் என்னைப் பார்த்தார். மேல்மாடி அறை என் கண் முன்னாலேயே தூரமாகப் போய்க்கொண்டிருந்தது.

எழுதியதைத் திறந்தேன். ரத்தினம் பெயர்தான் தலையில் இருந்தது. இன்று இரண்டாம் நாள் என்று மாற்றிப் பார்த்தேன். மூன்றாம் குடும்பம் வந்தது. மூன்று என்றேன், நான்காம் குடும்பம். கடைசியில் பூஜ்யம் என்று போட்டேன். ரத்தினம் வந்தார். அப்போதுதான் புரிந்தது. தோட்டத்தில் காலைப் பெரட்டில் ஆள் எண்ணும்போது முன்னால் நிற்பவன் ஒன்று. அப்படித்தான் ஆயுள் முழுக்க எண்ணியிருக்கிறேன். ஜாவாஸ்கிரிப்டுக்கு முன்னால் நிற்பவன் பூஜ்யம்.

பட்டியலின் தலையில் வெறுமையாக ஓர் இடத்தைச் சேர்த்தால் எல்லாரும் ஒரு படி இறங்கிச் சரியாக நிற்பார்கள். சேர்த்தேன். தோளுக்கு மேல் பார்த்துக்கொண்டிருந்த ரத்தினம் சும்மா இருப்பாரா?

"அது என்ன, எனக்கு முன்னால ஒரு எடம்? யாருக்கு வெச்சிருக்கீங்க?"

"யாருக்கும் இல்லீங்க. அது சும்மா காலி."

"காலின்னா நாளைக்கு அவன் வந்து உக்காந்துக்குவான்!"

விளக்கிச் சொல்லும் ஆள் நான் இல்லை. அந்தப் பக்கம் போன் வேறு விடாமல் அடித்தது. எல்லாம் அவர் சொந்தக்காரர்கள். அந்த ஒரே லைன் வழியாகத்தான் பக்கத்தை அனுப்பவும் வேண்டும். ரத்தினம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவரே வழி சொன்னார்: "அங்க அம்மன் பேரப் போடுங்க. எனக்கு முன்னால ஆத்தா உக்காரட்டும், வேற எவனும் உக்காரக் கூடாது."

சாப்பு

அம்மனைப் பூஜ்யத்தில் அமர்த்தி, போன் ஓய்ந்த ஓர் இடைவெளியில் பக்கத்தை அனுப்பினேன். மோடம் கீச்சிட்டு முடிந்தது. ரத்தினம் மகளுக்குப் போன் போட்டார். "சரியா இருக்காம்" என்றார். கொடித்துணி கோயிலுக்குப் போனது.

மறுநாள் மாணிக்கத்தின் தம்பி வந்தார். முதல் நாள் காலையில் தெரிந்த பக்கத்தை யாரோ அச்செடுத்து வைத்திருக்கிறார்கள். முதல் நாள் தங்களுடையது என்று அடுத்த வருடம் கோயில் கமிட்டியில் காட்ட வேண்டுமாம். அதில் அச்சகத்துச் சாப்பு குத்திக் கொடு என்றார். அது பிழை என்றேன். "பிழைன்னா ஏன் எங்க பேரு மட்டும் வந்துச்சு?" என்று மேசையைத் தட்டினார். முத்திரைக் கட்டையை என் மடியில் வைத்துக்கொண்டு, தலையை மட்டும் ஆட்டி மறுத்தேன். திட்டிக்கொண்டே போனார்.

செட்டியார் உள்ளேயிருந்து எல்லாவற்றையும் கேட்டிருந்தார். வெளியே வந்து மேல்மாடி அறைச் சாவியை மேசைமேல் வைத்தார். சொன்னார்: "ரெண்டு வீட்டுக்காரனும் ஏசுறான்னா நீங்க யார் பக்கமும் சாயலன்னு அர்த்தம் மண்டோர். போங்க, வீட்டம்மாவக் கூட்டிக்கிட்டு வாங்க."

அந்த மொழியில் நான் உருப்படியாகக் கற்றுக்கொண்டது இவ்வளவுதான்: இயந்திரம் பூஜ்யத்திலிருந்து எண்ணும், மனிதர்கள் தங்களிலிருந்து எண்ணுவார்கள், நடுவில் உட்கார்ந்திருப்பவன் இரண்டு கணக்குக்கும் பதில் சொல்ல வேண்டும்.