டிங்குவைக் கொடுத்துவிட்டார்கள்

ஒரு நாயைத் தூக்கிக் கொடுப்பதற்கு முன்னால் அதை வளர்த்தவளிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டாமா? எங்கள் வீட்டில் யாரும் கேட்கவில்லை. அப்போது நான் நான்காம் வகுப்பு. விருத்தாசலத்தில் பீங்கான் பொம்மை செய்யும் கம்பெனி ஒன்றில் அப்பா சூளை வேலை பார்த்துக்கொண்டிருந்தார். நெய்வேலியிலிருந்து மாற்றலாகி வடக்கே போன ஓர் அதிகாரி, தன் நாயை அப்பாவின் நண்பர் மூலமாக எங்களிடம் சேர்த்திருந்தார். டெரியர் என்று சொல்லி அனுப்பினாராம், உயர்ந்த சாதியாம். சைக்கிள் கூடையில் வந்து இறங்கியபோது பார்த்தால் ஒரு முழ உயரம்கூட இல்லை. மூஞ்சி முழுக்க மயிர், தாடி வேறு. எங்கள் தெரு அதை நாய் என்றே ஒப்புக்கொள்ளவில்லை.

"இன்னா, ஆட்டுக்குட்டியா வாங்கியாந்திருக்கீங்க?" என்று கேட்காதவர்கள் கிடையாது. எனக்கு வந்த ஆத்திரத்தில் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளோடு பேச்சையே நிறுத்திவிட்டேன்.

அந்த ஆட்டுக்குட்டிதான் தெருவிலிருந்த எலிகளை ஒழித்தது. பொந்தைக் கண்டால் போதும், டிங்கு முன்னங்கால்களால் மண்ணை வாரி இறைத்துக்கொண்டு பாதி உடம்போடு உள்ளே போய்விடும். வால் மட்டும் வெளியே ஆடும். எலி கிடைக்காத நாளில் அம்மாவின் கனகாம்பரப் பாத்தியைத் தோண்டும். அதனால் அம்மாவுக்கு அதைக் கண்டாலே ஆகாது. வேளாவேளைக்குச் சோறு வைப்பாள், தொடமாட்டாள். வெயில் காலத்தில் தண்ணீர்த் தொட்டியடியில் ஈரச் சாக்கைப் பிடித்துக்கொண்டு அது கிடக்கும்போது, "மவராசா படுத்திருக்குது பாரு" என்று முணுமுணுத்தபடி சுற்றிக்கொண்டு போவாள்.

கண்ணை மறைக்கும் மயிரைக் கத்தரித்து விடுவது அத்தையின் வேலை. அத்தை என்றால் அப்பாவின் தங்கை. பெண்ணாடத்தில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். அந்த வருடம் உடம்பு சரியில்லை என்று வந்தவள் கோடை முழுக்க எங்களோடு இருந்தாள். என்ன உடம்பு என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. டிங்கு அவள் மடியில் தலையைக் கொடுத்துவிட்டு அசையாமல் கிடக்கும். என்னிடம் அப்படிக் கிடந்ததில்லை. அதிலேயே எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

டிங்குவுக்கு ஒரு குணம் உண்டு. வீட்டில் யாரும் யார்மேலும் கை ஓங்கக் கூடாது. கணக்கைத் தப்பாகப் போட்டதற்காக அப்பா ஒருநாள் என்னை அடிக்கக் கை ஓங்கினார். டிங்கு குறுக்கே பாய்ந்து அவர் வேட்டியைக் கவ்விக் கிழித்தே விட்டது. அப்பா சனியன் என்று திட்டினார். நான் துள்ளிக் குதித்தேன். அம்மா கிழிந்த வேட்டியைக் கையில் வைத்துக்கொண்டு டிங்குவையே பார்த்தபடி நின்றாள்.

ஆடி முடிந்ததும் மாமா, அதாவது அத்தையின் வீட்டுக்காரர், தன் பக்கத்துப் பெரியவர்கள் இரண்டு பேரோடு அத்தையை அழைத்துப் போக வந்தார். காப்பி குடித்தார்கள், மழை இல்லாததைப் பற்றிப் பேசினார்கள், குடும்பம் என்றால் முன்னே பின்னே இருக்கத்தான் செய்யும் என்றார்கள். அத்தையிடம் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. அப்பா தலையைக் குனிந்துகொண்டு, "போயிட்டு வா பாப்பா. கொஞ்சம் அனுசரிச்சுப் போ" என்றார்.

அப்போதுதான் அம்மா அடுப்படியிலிருந்து வெளியே வந்தாள்.

"அண்ணா, கூட டிங்குவையும் இட்டுக்கினு போங்க."

மாமா சிரித்தார். "நாய் எதுக்கும்மா?"

"வூட்டுல நெல்லு மூட்ட கெடக்குது, எலி தொல்லைன்னு பாப்பா சொல்லிச்சு. இது நல்லா புடிக்கும்."

"சீரு வரிசையில நாய் குடுக்கிறத இப்பத்தான் பாக்கிறேன்" என்றார் வந்தவர்களில் ஒருவர். எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. ஓடிப்போய் டிங்குவின் கயிற்றைப் பிடித்துக்கொண்டேன்.

"இது என் நாயி! நான் குடுக்க மாட்டேன்!"

"வுடுடி. உனக்கு ஒண்ணும் தெரியாது."

"உனக்கு அதப் புடிக்காது. அதான் தொரத்தற!"

அம்மா என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துக் கயிற்றை அத்தையின் கையில் கொடுத்தாள். பஸ் ஸ்டாண்டுக்கு அவர்கள் நடந்து போகும்போது டிங்கு திரும்பித் திரும்பிப் பார்த்தது. அன்றிலிருந்து அம்மாவோடு நான் பேசவில்லை. அவளிடம் ஏதாவது கேட்க வேண்டும் என்றால் சுவரைப் பார்த்துச் சொல்வேன். என் அம்மா நாயைத் திருடிக் கொடுத்தவள் என்று வகுப்பில் எல்லாரிடமும் சொல்லி வைத்தேன்.

கரும்பு வெட்டுத் தொடங்கியிருந்த சமயம். மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்தேன். ஆலையில் பாரம் இறக்கிவிட்டுத் திரும்பிய டிராக்டர் ஒன்று தெருமுனையில் நின்றது. காலி டிரெய்லரிலிருந்து அத்தை இறங்கினாள். கையில் பை இல்லை, பெட்டி இல்லை. வலது கக்கத்தில் டிங்கு மட்டும். அதன் முன்னங்காலில் புடவைக் கிழிசலால் கட்டுப் போட்டிருந்தது. கீழே விட்டதும் அந்தக் காலைத் தூக்கிக்கொண்டு நின்றது.

"என் நாய் கால ஒடச்சிக்கினு வந்திருக்கீங்களே! இதுக்குத்தான் கொண்டு போனீங்களா?"

"ஆமாண்டி கண்ணு, என்னாலதான்" என்றாள் அத்தை.

குற்றத்தை அவளே ஒப்புக்கொண்டாள். அம்மா ஓடி வந்து அவளை நாலு வார்த்தை கேட்பாள் என்று காத்திருந்தேன். அம்மாவோ டிங்குவை வாரி மடியில் போட்டுக்கொண்டு, மஞ்சள் குழைத்துப் பூசி, தயிர்ச் சோற்றைப் பிசைந்து ஊட்டினாள். அப்பா கம்பெனியிலிருந்து வந்து பார்த்துவிட்டு வாசலிலேயே நின்றார். பெண்ணாடத்துக்குச் சேதி சொல்லி அனுப்புவதாக மெதுவாகச் சொன்னார்.

"சொல்லுங்க. பாப்பா இனிமே அங்க வராதுன்னு சொல்லுங்க" என்றாள் அம்மா. அப்பா தலையை ஆட்டினார்.

"அவரு இப்ப ஆஸ்பத்திரிக்குப் போயிருக்காரு அண்ணி" என்றாள் அத்தை. "தொப்புளச் சுத்தி ஊசி போடணுமாம்."

அம்மா அவளை ஒரு நிமிஷம் பார்த்தாள். பிறகு இருவரும் சிரிக்க ஆரம்பித்தார்கள். கண்ணில் தண்ணீர் வழிய வழியச் சிரித்தார்கள். எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. வாயில்லாத ஜீவன் நொண்டிக்கொண்டு கிடக்கிறது, இவர்களுக்குச் சிரிப்பு வருகிறதா? அந்த வீட்டில் நியாயம் கேட்க நான் ஒருத்திதான் இருக்கிறேன் என்று நினைத்து, டிங்குவின் காலை அப்பாவிடமும் எட்டிப் பார்த்த அக்கம்பக்கத்தாரிடமும் காட்டிக் காட்டிக் கத்தினேன். அத்தை வந்து இறங்கியதிலிருந்து இடது கையை முந்தானைக்குள்ளேயே வைத்திருந்தாள். அதை ஏன் வெளியே எடுக்கவில்லை என்று கேட்க எனக்குத் தோன்றவே இல்லை.