பண்ணை வீதியில் மெதுவாக

சண்டையால் தரைப்பாதை பூட்டிய வருடம் யாழ்ப்பாணத்துக்கு எல்லாம் கப்பலில்தான் வந்தது. அரிசிக்கும் மாவுக்குமே இடம் போதாத கப்பலில் காருக்குச் சாமான் எங்கே வரப்போகிறது? வேலணையில் என் கணவர் ஆட்களை ஏற்றி ஹயருக்கு ஓடிய பழைய காரில், ஸ்ரியரிங்கை முன் சில்லுகளோடு இணைக்கும் மூட்டு தேய்ந்துவிட்டது. என்னை ஆசனத்தில் இருத்தி ஸ்ரியரிங்கை இடமும் வலமும் ஆட்டச் சொல்லிவிட்டு, இவர் கீழே படுத்து மூட்டில் விரலை வைத்துப் பார்ப்பார். நான் கால் சுற்றுச் சுற்றிய பிறகுதான் சில்லு அசையும். கராஜ்காரர் ரயர் துண்டொன்றை உள்ளே செருகிக் கம்பியால் இறுக்கிவிட்டார். அதை நம்பி ஆட்களை ஏற்ற முடியாதென்று இவர் காரைக் கொட்டிலில் விட்டுவிட்டுத் தோட்டத்தில் கூலிக்குப் போனார்.

ஒரு பின்னேரம் பக்கத்து வளவு அக்கா ஓடிவந்தார். அவருடைய கணவருக்கு நெஞ்சுவலி. ஊர் ஆஸ்பத்திரியில் உடனே யாழ்ப்பாணம் கொண்டுபோகச் சொல்லிவிட்டார்களாம். அங்கிருந்த அம்புலன்ஸ் வேறொருவரை ஏற்றிக்கொண்டு போய்விட்டது. இவர் ஸ்ரியரிங்கின் நிலையை ஒளிக்காமல் சொன்னார்.

“மெதுவாத்தான் ஓடுவன் அக்கா. ஓமெண்டால் ஏத்துங்கோ.”

அக்கா ஓமென்றார்.

பின் ஆசனத்தில் நோயாளியின் தலை அக்காவின் மடியில், கால்கள் என் மடியில். தீவிலிருந்து யாழ்ப்பாணத்துக்குப் பண்ணைக் கடலுக்கு நடுவே போகும் வீதி அப்போது குண்டும் குழியுமாகக் கிடந்தது. இரண்டு பக்கமும் தண்ணீர். சைக்கிள்காரர் முந்திப் போகும் வேகத்தில் இவர் குழிகளை விலத்தி ஓட்டினார். அக்கா முதலில் கெஞ்சினார், பிறகு அழுதார்.

“தம்பி, கொஞ்சம் கெதியா விடுமன்.”

இவர் திரும்பவில்லை. முதுகில் சேர்ட் வியர்வையில் ஒட்டியிருந்தது.

பாதி வழி தாண்டியதும் கீழே டொக்கென்று ஒரு சத்தம். ஸ்ரியரிங் இவருடைய கையில் சும்மா சுற்றியது. கார் தன்பாட்டில் கரைப் பக்கம் இழுத்தது. இவர் பிரேக்கை ஓங்கி மிதிக்கவில்லை, மிதித்திருந்தால் சறுக்கியிருக்கும். விட்டு விட்டு மிதித்து, கைபிரேக்கையும் மெல்ல இழுத்தார். முன் சில்லொன்று கரைக் கல்லைத் தாண்டித் தண்ணீருக்கு மேலே தொங்க, கார் நின்றது.

ஒருவருக்கும் காயமில்லை. இவர் வீதியிலிருந்த நேவிச் சென்றிக் காவலரணுக்கு ஓடினார். அவர்கள் விசாரித்து, அடையாள அட்டை பார்த்து, ஒரு வாகனத்தை மறித்து அனுப்புவதற்குள் அக்காவின் கணவருக்கு உயிர் போய்விட்டது. அக்கா அவருடைய சேர்ட்டின் பொத்தான்களைப் பூட்டிவிட்டுக்கொண்டிருந்தார்.

செத்தவீட்டில் பாடைக்குத் தோள் கொடுக்கப் போன இவரை அக்காவின் தமையன் விலகி நிற்கச் சொன்னார். இவர் சுடலை வரைக்கும் கடைசி ஆளாக நடந்தார்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்தபின் நான் யாழ்ப்பாணத்தில் ஒரு டொக்டரிடம் எல்லாவற்றையும் சொல்லிக் கேட்டேன். எவ்வளவு கெதியாகக் கொண்டுவந்திருந்தாலும் அவர் தப்பியிருக்கமாட்டார் என்றார். அதை அக்காவிடம் சொல்லப் போனேன். குசினிக்குள் அடுப்பெரித்துக்கொண்டிருந்தார்.

“எனக்கும் டொக்டர்மார் சொன்னவை,” என்றார். “ஆனா நான் அழஅழ உம்மட மனுசன் ஒரு சொட்டும் கெதியா ஓடேல்லை. அதை மறக்க ஏலாது.”

கெதியாக ஓடியிருந்தால் நாலு பேரும் கடலுக்குள் போயிருப்போம். அதைச் சொல்லாமல் படலையைத் திறந்துகொண்டு வந்துவிட்டேன்.

வீட்டில் டொக்டர் சொன்னதை மட்டும் இவரிடம் சொன்னேன். அக்கா என்ன சொன்னார் என்று கேட்டார். நான் அடுப்பு மூட்டப் போய்விட்டேன். பிறகு கப்பலில் சாமான் வந்து காரைத் திருத்தியும், இவர் அந்த வீட்டுப் படலையடியால் போகாமல் ஒழுங்கையைச் சுற்றித்தான் ஹயருக்குப் போய்வந்தார்.