அக்கா வீட்டுத் தண்ணீரில் ஈயம்

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில், தண்ணீரும் மண்ணும் பரிசோதிக்கும் சிறிய ஆய்வகம் ஒன்றில் வேலை பார்க்கிறேன். அங்கிருந்து கொஞ்ச தூரத்தில், பழைய பேட்டரிகளை உருக்கி ஈயம் எடுக்கும் ஷெட்டுக்குப் பின்னால் அக்கா வீடு. மாமாவுக்கு அந்த ஷெட்டில்தான் வேலை. அவர்கள் மகளுக்கு ஆறு வயது. எப்போதும் வயிற்றுவலி, சோறே இறங்காது. யாரிடமும் சொல்லாமல் அவர்கள் போர்வெல் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்து வந்தேன்.

ஈயத்தைத் தேட, உள்ளே ஈயம் வைத்துச் செய்த விளக்கைத்தான் கருவியில் பொருத்துவோம். அதன் ஒளி கண்ணுக்குத் தெரியாது. தண்ணீரைச் சுடருக்குள் பீய்ச்சினால் அதில் உள்ளவை அணு அணுவாகப் பிரியும். ஒவ்வொரு தனிமத்தின் அணுவும் தனக்கு உரிய ஒளியைத்தான் விழுங்கும்; ஈய விளக்கின் ஒளியை ஈயம் விழுங்கும். மறுபுறம் வந்து சேரும் ஒளி எவ்வளவு குறைகிறதோ, அவ்வளவு ஈயம்.

அன்று ஒளி சட்டென்று குறைந்தது. பாட்டிலில்தான் அழுக்கு என்று நம்பவே ஆசைப்பட்டேன். அமிலத்தில் கழுவிய புது பாட்டிலில் மறுபடி பிடித்து வந்தேன். அதே அளவு. வெறும் தூய நீரைச் செலுத்தியதும் ஒளி பழையபடி முழுதாக வந்தது. கருவியில் கோளாறு இல்லை. 

இரவு அவர்கள் வீட்டுக்குப் போய் விஷயத்தைச் சொன்னேன். அக்கா தண்ணீர் டம்ளரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். "கண்ணாடி மாரி கீதே. இதுல இன்னாடி கீது?"

"கண்ணுக்குத் தெரியாதுக்கா. பாப்பாவுக்கு இத குடுக்காத. ரத்தம் டெஸ்ட் பண்ணணும்."

சாப்பிட்டுக்கொண்டிருந்த மாமா தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தார். "நீ இத வெளிய சொல்லிக்கினு திரிஞ்சா ஷெட்ட மூடிடுவாங்க. அப்புறம் நான் எங்க போய் நிக்கறது?"



மறுநாள் காலை அக்கா குழந்தையைத் தூக்கிக்கொண்டு என்னோடு பஸ் ஏறினாள். ரத்தத்திலும் ஈயம் இருந்தது. ஈயம் குழந்தைகளின் மூளையைப் பாதிக்கும் என்றார் டாக்டர், உடனே இடத்தை மாற்றச் சொன்னார். குழந்தையை ஆரணியில் எங்கள் அம்மா வீட்டில் விட்டோம். திங்கட்கிழமை திருவள்ளூர் போய் கலெக்டர் ஆபீசில் மனு கொடுத்தேன். அக்கா பெயரை எழுத மனம் வரவில்லை, என் பெயரை எழுதினேன்.

அதிகாரிகள் வந்து வீடு வீடாகத் தண்ணீர் எடுத்துப் போனார்கள். இப்போது தெருவுக்கு லாரித் தண்ணீர் வருகிறது. ஷெட் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. மாமா அங்கேதான் போகிறார், என்னோடு பேசுவதில்லை. ஆரணியில் குழந்தை இப்போது நன்றாகச் சாப்பிடுகிறாள். ஆனால் நேற்றுப் படித்த எழுத்து இன்று மறந்துபோகிறது என்று அங்கே பள்ளிக்கூட டீச்சர் சொன்னாராம். போன வாரம் அக்கா இதை என்னிடம் சொன்னாள். சரியாகிவிடும் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.