கதவருகே இருந்த பை

இன்று காலை எங்கள் தீவில் மின்னி பே பக்கம் லேசான நிலநடுக்கம். வழக்கம்போல எல்லோரும் ரோட்டுக்கு வந்துவிட்டோம். யாருக்கும் அடி கிடி இல்லை. என்னால்தான் எதிர்வீட்டு லதாவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

போன வாரம் இதே இணையப் பக்கத்தில் ஃபெங் சுய் குறிப்புகள் போட்டேன் அல்லவா? எங்கேயோ படித்ததுதான். "வாசலருகே எதையும் வைக்காதீர்கள், நல்ல சக்தி உள்ளே வராது" என்று பெரிய மனுஷி மாதிரி எழுதியிருந்தேன்.

லதா அதை அப்படியே செய்திருக்கிறாள். நிலம் ஆடினால் தூக்கிக்கொண்டு ஓட இங்கே வீட்டுக்கு வீடு கதவருகே ஒரு பை இருக்குமே, அதைப் பரணில் ஏற்றிவிட்டாள்.

ரோட்டில் அவள் மாமியாருக்கு மூச்சு வாங்கத் தொடங்கியது. இன்ஹேலர் அந்தப் பையில்தான் இருந்தது.

"ருக்கோ, இருங்க, நான் எடுத்துட்டு வர்றேன்" என்று வழக்கம்போல இந்தி கலந்து சொல்லிவிட்டு அவள் கணவர் உள்ளே ஓடினார்.

மறுபடி ஆடினால்? லதா என் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். இருவரும் அந்தக் கதவையே பார்த்தபடி நின்றோம்.

பையோடு வெளியே வந்தவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். "வாசல் ஏக்தம், சுத்தமா காலி, தீதி. ஓடறப்போ ஒண்ணுமே தடுக்கல."

மாமியாருக்கு மூச்சு சீரான பிறகுதான் லதா என் தோளில் தொங்கிய பையைக் கவனித்தாள்.

"அக்கா, உங்க பை எங்க இருந்துச்சு?"

"கதவுக்குப் பின்னாடிதான்."

"அச்சா, அப்படியா" என்றாள். அவ்வளவுதான்.

அந்தப் பதிவுக்கு லைக் போட்டவர்களே, முதலில் பரணிலிருந்து பையை இறக்குங்கள். அப்புறம் வந்து கமெண்டில் திட்டுங்கள்.