அள்ளாமல் நனைந்த மீன்

எனக்கு எழுபத்து மூன்று வயது. ஏழு பிள்ளைகளை வளர்த்தேன். தொண்ணூறாம் ஆண்டு முஸ்லிம்களை வெளியேற்றியபோது மன்னாரிலிருந்து வெறுங்கையோடு வந்து, மாம்புரிக் கடற்கரையில் மீன் காயவைக்கக் கொட்டில் கட்டி, கருவாட்டு வாடி போட்டேன். எழுத்துக் கூட்டித்தான் எழுதுவேன். ஆனாலும் என் வாடியில் நான் சொல்லாமல் ஒருவரும் ஒரு மீனைப் புரட்டக்கூடாது.

வேலை செய்த ஆறு பெண்களில் ஸபியா கெட்டிக்காரி. ஒருநாள் மழை வரும் என்று, என்னைக் கேட்காமல் காயப்போட்ட மீனை அள்ளிவிட்டாள். மழை வரவில்லை. "வானத்துக்கு நீயா கங்காணி?" என்று எல்லார் முன்னாலும் கேட்டு, அத்தனையையும் அவளையே மறுபடி விரிக்க வைத்தேன். மற்றவர்கள் சிரித்தார்கள்.

அடுத்த மாதம் மதுரங்குளியில் சொந்தக்காரர் ஒருவர் இறந்து, அந்த மவுத்து வீட்டுக்குப் போனேன். போனை நிறுத்தி வைத்திருந்தேன். திரும்பும்போது பெருமழை. வாடியில் மீனெல்லாம் தண்ணீரில் கிடந்தது. பெண்கள் கூரைக்குக் கீழே வெறும் கூடைகளோடு நின்றார்கள்.

"கண் தெரியல்லயா ஒங்களுக்கு?"

"வானம் கறுத்தது தெரிஞ்சிச்சு மாமி. நாலு தரம் ஒங்கட போனுக்குக் கோல் எடுத்தம். நீங்க சொல்லல்லயே," என்றாள் ஸபியா. கூடையை வைத்துவிட்டுப் போனவள் பிறகு வேலைக்கு வரவில்லை.

புழுத்த மீனை நானே குழி தோண்டிப் புதைத்தேன். இப்போது வானத்தைப் பார்த்து மற்றப் பெண்களே அள்ளுகிறார்கள், என்னைக் கேட்பதில்லை. ஸபியா வீட்டுக்கு இரண்டு தரம் போனேன். கதிரை போட்டு, தேத்தண்ணீர் தந்தாள். மன்னிப்பு என்ற சொல் என் வாயில் வரவில்லை. அதனால்தான் இதை எழுதினேன்.

பேத்தியிடம் கொடுத்திருக்கிறேன். "வாசி மகள். எழுத்துப் பிழை இருந்தா திருத்து. ஸபியா சொன்னத மட்டும் மாத்தாத."